கையால் செய்த பழைய பேஸ் கிட்டார்: பார்த்து வாங்கவும் பழுது நீக்கவும்

தொழிற்சாலையில் உருவாகும் பேஸ் கிட்டாரில் ஒரு பாகம் கெட்டுப்போனால், அதே அளவில் இன்னொன்றை வாங்கிப் பொருத்திவிடலாம். 1951-இல் லியோ ஃபெண்டர் அறிமுகப்படுத்திய பிரிசிஷன் பேஸில் நெக்கும் (கழுத்து) பாடியும் (உடல்) நான்கு திருகாணிகளால் இணைந்திருந்தன. நெக் வீணாகிவிட்டால் அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். ஒரு தனிக் கைவினைஞரோ சிறு பட்டறையோ மரத்தைத் தேர்ந்து, அறுத்து, இழைத்து, ஒட்டிச் செய்த பேஸுக்கு இந்த வசதி பெரும்பாலும் கிடையாது. அதன் நெக் அந்தப் பாடிக்கு மட்டுமே பொருந்தும்; தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் பிக்கப்பின் அளவு கடையில் கிடைக்கும் எதனுடனும் ஒத்துப்போகாமல் இருக்கலாம்; சில கருவிகளில், பாடியின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜைக்கூடச் செய்தவரே கடைந்தெடுத்திருப்பார். ஆகவே, இத்தகைய கருவியைப் பழையதாக வாங்குகிறவர், எதைச் சரிசெய்ய முடியும், எதைச் சரிசெய்யவே முடியாது என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே பிரித்தறிய வேண்டும். என் கணிப்பில், வாங்கலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது நெக் ஒன்றுதான். மற்றவை எவ்வளவு மோசமாக இருந்தாலும் ஏதேனும் ஒரு வழி உண்டு.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே நினைவில் கொள்ள வேண்டும். கைவினை பேஸ் பல நேரங்களில் குறிப்பிட்ட ஒருவருக்காகச் செய்யப்படுகிறது. 1975-இல் கிட்டார் கைவினைஞர் கார்ல் தாம்சன், பேஸ் வாசிப்பாளர் ஆந்தனி ஜாக்சன் கேட்டுக்கொண்டபடி அவருக்கென்றே ஓர் ஆறு தந்தி பேஸைச் செய்துகொடுத்தார். அதுபோலவே பெயர் தெரியாத எத்தனையோ வாசிப்பாளர்களின் கைக்கும் காதுக்கும் ஏற்றபடி செய்யப்பட்ட கருவிகள்தான் பின்னாளில் விற்பனைக்கு வருகின்றன. முதல் உரிமையாளரின் கை பெரியதாக இருந்திருக்கலாம். அவர் தந்திகளுக்கிடையே அகலமான இடைவெளியைக் கேட்டிருக்கலாம். அந்தக் கருவி எவ்வளவு நேர்த்தியானதாக இருந்தாலும், உங்கள் கைக்கு ஒத்துவராவிட்டால் எந்தப் பழுது நீக்கமும் அதை உங்களுடையதாக்காது.

நேரில் பார்க்கும் முன்

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியவை அளவுகள். தந்தியின் அதிரும் நீளமாகிய ஸ்கேல், வழக்கமான பேஸில் 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 864 மில்லிமீட்டர். குட்டை ஸ்கேல் பேஸில் அது 30 அங்குலம். தாழ்ந்த பி தந்தி இறுக்கமாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக ஐந்து தந்தி பேஸ்களில் 35 அங்குலம் வைப்பதும் உண்டு. இதனுடன் நட்டின் (நெக்கின் தலைமுனையில் தந்திகள் பதியும் சிறு பட்டையின்) அகலம், பிரிட்ஜில் தந்திகளுக்கிடையேயான இடைவெளி, மொத்த எடை ஆகியவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். தலைப்பகுதியின் பின்புறம், நெக் பாடியுடன் சேரும் இடம், மின்னிணைப்புகள் இருக்கும் பின்குழியின் உட்பக்கம் ஆகிய மூன்றின் படங்களும் கட்டாயம் வேண்டும். முன்பக்கத்தின் அழகான படத்தை எல்லோரும் அனுப்புவார்கள். கருவியின் உண்மையான நிலையைச் சொல்வது இந்த மூன்று படங்கள்தான்.

செய்தவர் யார் என்பது தெரிந்தால், அவரையோ அவருடைய பட்டறையையோ தொடர்புகொண்டு தொடர் எண்ணைக் கொடுத்து விசாரிக்கலாம். எந்த ஆண்டு செய்தார், என்ன மரம், என்ன பூச்சு, நெக்கினுள் எந்த வகை டிரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு), மின்சுற்று யாருடையது ஆகிய விவரங்களைக் கைவினைஞர்கள் பலர் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பதில் ஒன்றே உங்கள் வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும். கருவி ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வர வேண்டியிருந்தால் மரத்தின் வகை சட்டரீதியாகவும் முக்கியமாகிறது. பிரேசிலிய ரோஸ்வுட் 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் உள்ளது. உரிய ஆவணம் இல்லாமல் அதை எல்லை கடத்த முடியாது. மற்ற ரோஸ்வுட் வகைகளும் 2017 தொடக்கத்தில் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. ஆனால், 2019 நவம்பர் இறுதியில் முழுமையடைந்த இசைக்கருவிகளுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது.

கையில் எடுத்த பின்

கருவியைச் சரியான சுருதிக்கு ஏற்றிய பிறகே நெக்கைப் பார்க்க வேண்டும். நான்கு தந்திகளும் சேர்ந்து சுமார் 80 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் அதை முன்னோக்கி இழுத்துக்கொண்டிருக்கின்றன. தந்தி தளர்ந்த நிலையில் நேராகத் தெரியும் நெக், இழுவிசை ஏறியதும் வில்லாக வளையக்கூடும். பாடியின் அடிப்பகுதியைத் தாங்கலாக ஓரிடத்தில் ஊன்றி, தலைப்பகுதியைக் கண்ணருகே கொண்டுவந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கின் மேல் விரல் பதியும் பலகையாகிய ஃபிங்கர்போர்டின் ஓரம் வழியாகப் பிரிட்ஜை நோக்கிப் பாருங்கள். தடித்த தந்தியின் பக்கம் ஒருமுறை, மெல்லிய தந்தியின் பக்கம் ஒருமுறை. இரண்டு ஓரங்களும் ஒரே மாதிரி மிக லேசாகக் குழிந்திருந்தால் நல்லது. ஓர் ஓரம் குழிந்தும் மற்றது நேராகவோ மேடாகவோ இருந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். முறுக்கிய நெக்கை ஒற்றை டிரஸ் ராடால் நேராக்க முடியாது. அலெம்பிக் போன்ற சில கருவிகளில் இரண்டு ராடுகள் அருகருகே இருக்கும். அவற்றில் மட்டும் சிறு முறுக்கலை ஓரளவு சமன்செய்யலாம்.

வளைவை அளக்கத் தந்தியே போதுமான அளவுகோல். தடித்த ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் (ஃபிங்கர்போர்டில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்டுகளின் மேல் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.25 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை, அதாவது ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன் அளவுக்கு இருந்தால் அது இயல்பானது. இடைவெளியே இல்லையென்றால் நெக் நேராகவோ பின்னோக்கி வளைந்தோ இருக்கிறது. மிக அதிகமாக இருந்தால் முன்னோக்கி வளைந்திருக்கிறது. இரண்டுமே தம்மளவில் குறைகள் அல்ல. டிரஸ் ராட் வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. உரிமையாளரின் அனுமதியுடன் மூடியைத் திறந்து, சரியான அளவுச் சாவியைப் பொருத்தி, எட்டில் ஒரு பங்குச் சுற்று திருப்பிப் பாருங்கள். மரை சுற்றிக்கொண்டே போனாலோ, ஏற்கனவே முழுவதும் இறுக்கப்பட்டு அசையாமல் நின்றாலோ, சாவி பிடிக்கும் இடம் தேய்ந்து உருண்டிருந்தாலோ விலையைப் பற்றிப் பேச்சே வேண்டாம்; கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே மேல். நெக் பாடியினூடே கடைசி வரை ஓடும் அமைப்புள்ள பேஸில் ராட் உடைந்திருந்தால், ஃபிங்கர்போர்டையே பெயர்த்தெடுத்துத்தான் அதை மாற்ற வேண்டும். அந்தச் செலவு கருவியின் விலையைத் தாண்டிவிடலாம்.

நெக் பாடியுடன் சேரும் இடத்துக்கு மேல், கடைசி ஐந்தாறு ஃப்ரெட்டுகள் மேல்நோக்கி ஏறியிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பழைய பேஸ்களில் இது அடிக்கடி காணப்படும் குறை. மரத்தை ராடால் வளைக்க முடியாத பகுதி அது. ஃப்ரெட்டுகளில் போதிய உயரம் மிச்சமிருந்தால் அவற்றைத் தேய்த்துச் சமப்படுத்திவிடலாம் என்பதால், இதற்காக மட்டும் கருவியை ஒதுக்க வேண்டியதில்லை.

பிறகு, ஒட்டுகளைத் தேடுங்கள். கைவினை பேஸின் நெக் பெரும்பாலும் மூன்று, ஐந்து, ஏழு எனப் பல மரத்துண்டுகளை நீளவாக்கில் ஒட்டிச் செய்யப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக்கூட நகம் கண்டுபிடிக்கும்: ஒட்டுக்கோட்டின் குறுக்கே நகத்தை மெதுவாக இழுத்தால், பிரிந்த இடத்தில் அது தட்டுப்படும். நட்டுக்குப் பின்புறம், தலைப்பகுதி சாயத் தொடங்கும் இடத்தைத் தனிக் கவனத்துடன் பாருங்கள். கீழே விழுந்த கருவி முதலில் உடையும் இடம் அதுதான். இருட்டில் புற ஊதா விளக்கொளியைப் பாய்ச்சினால் பழைய பூச்சும் பின்னர் அடித்த பூச்சும் வேறு வேறு நிறத்தில் ஒளிரும். மறைக்கப்பட்ட பழுது அங்கே வெளிப்பட்டுவிடும். நன்றாக ஒட்டப்பட்ட பழைய முறிவு பயப்பட வேண்டிய ஒன்றல்ல. விற்பவர் அதை மறைத்தார் என்பதுதான் யோசிக்க வைக்க வேண்டும்.

மற்றவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் வாசித்து, எங்கே இரைகிறது, எங்கே ஒலி சட்டென மடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குமிழ்களைத் திருகும்போது எழும் கரகரப்பும், ப்ளக்கை அசைத்தால் அறுந்து அறுந்து வரும் ஒலியும் மலிவாகச் சரிசெய்யக்கூடியவை. ஒரு பிக்கப் முற்றிலும் ஒலிக்காவிட்டால் மட்டும் விலையில் அதற்கேற்பக் கழிவு கேளுங்கள். கடைசியாக, வாரை மாட்டிக்கொண்டு நின்று, கையை விட்டுப் பாருங்கள். தலைப்பகுதி கனத்துத் தரையை நோக்கித் தாழ்ந்தால், அரை மணி நேர வாசிப்பில் உங்கள் இடது தோள் அதைச் சுமக்கும்.

பழுது நீக்கும் ஒழுங்கு

கருவி வீட்டுக்கு வந்ததும் எதையும் கழற்றாதீர்கள். முதலில் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து, தந்தி உயரம், பிரிட்ஜ் சேடில்களின் (ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் நகர்த்தக்கூடிய துண்டுகளின்) இடம், பிக்கப்பின் உயரம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். பின்குழியைத் திறந்தவுடன் ஒவ்வொரு கம்பியும் எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதைப் படமெடுங்கள். செய்தவரின் கையொப்பமோ தேதியோ பென்சிலால் எழுதப்பட்டிருக்கும் இடமும் பல நேரங்களில் இதுவே. தொழிற்சாலைக் கருவிக்கு இணைப்பு வரைபடம் எங்கும் கிடைக்கும். இதற்கு நீங்கள் எடுக்கும் படம்தான் வரைபடம்.

வேலைகளைச் செய்யும் வரிசை முக்கியம். திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடியவற்றை முதலிலும், மரத்தையோ உலோகத்தையோ நிரந்தரமாக நீக்கும் வேலைகளைக் கடைசியிலும் வைக்க வேண்டும். துடைத்து, மின்னிணைப்பைச் சரிசெய்து, நெக்கை நேராக்கி, புதுத் தந்தி மாட்டி வாசித்துப் பார்த்த பிறகு, ஃப்ரெட்டுகளைத் தேய்க்க வேண்டிய தேவையே இல்லை என்று தெரிய வருவது மிகச் சாதாரணம்.

அழுக்கை நீக்க, லேசாக ஈரமாக்கிய மென்மையான துணியே பெரும்பாலும் போதும். பிசுக்கு போகாவிட்டால் நாஃப்தா என்ற பெட்ரோலியக் கரைப்பானைத் துணியில் சிறிதளவு எடுத்துக்கொண்டு, நல்ல காற்றோட்டத்தில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாமல் துடைக்கலாம். பூச்சு எந்த வகை என்று தெரியும்வரை வேறு கரைப்பான் எதையும் தொடாதீர்கள். சாராயவகைக் கரைப்பான் பட்டால் அரக்குப் பூச்சு இளகிவிடும். அசிட்டோன் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கரைத்துவிடும். பாலியூரித்தேன் இரண்டையும் ஓரளவு தாங்கும். வெளியே தெரியாத ஓரிடத்தில், பின்குழி மூடியின் அடியில், பஞ்சுக்குச்சியால் ஒரு துளி வைத்து வகையை அறிந்துகொள்ளலாம். எண்ணெய்ப் பூச்சு கொண்ட பாடி உங்களுக்குக் கிடைத்தால் அது நல்வாய்ப்பு: மிக நுண்ணிய உப்புத்தாளால் மர ரேகையின் போக்கிலேயே தேய்த்து, மீண்டும் எண்ணெய் பூசினால் பழைய பகுதியும் புதிய பகுதியும் ஒன்றாகிவிடும். எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே தீப்பற்றக்கூடியது, விரித்து உலர்த்த வேண்டும். கருங்காலி, ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டுகளுக்கு மினரல் எண்ணெயை மெல்லிதாகத் தடவிச் சில நிமிடங்களில் துடைத்துவிடலாம். லாக்கர் அடித்த மேப்பிளுக்கு எண்ணெய் தேவையே இல்லை.

பாடியின் பூச்சை முழுவதுமாக நீக்கிப் புதிதாக அடிக்கும் ஆசை பலருக்கும் வருகிறது. வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். செய்தவர் தேர்ந்த நிறமும் அவர் கை இழைத்த வளைவுகளும் கருவியின் அடையாளம். உப்புத்தாள் அந்த வளைவுகளை மழுக்கிவிடும், கருவியின் மதிப்பும் சரிந்துவிடும். பூச்சு உரிந்த இடத்தில் மரம் ஈரம் குடிக்காதபடி பார்த்துக்கொண்டால் போதுமானது.

திறந்துகொண்ட ஒட்டைச் சரிசெய்யும்போது, உள்ளே இருக்கும் பழைய பசை என்னவென்று அறிவது அவசியம். தச்சர்களின் வச்சிரப் பசையாக இருந்தால் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் இளகும்; அதன் மேலேயே புதிய வச்சிரம் பிடித்துக்கொள்ளும். வெள்ளை அல்லது மஞ்சள் மரப்பசையாக இருந்தால், காய்ந்த படலத்தின் மேல் புதிய பசை ஒட்டாது என்பதால், மரம் தெரியும் அளவுக்குச் சுரண்டி எடுத்த பிறகே ஒட்ட வேண்டும். சுரண்ட முடியாத குறுகிய விரிசலுக்கு எப்பாக்ஸிதான் வழி. எந்தப் பசையாயினும், முதலில் பசையில்லாமல் கிளாம்ப்களை மாட்டி இறுக்கிப் பார்த்து, விரிசல் முழுமையாக மூடுகிறதா என்று ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள். தளர்ந்துபோன திருகாணித் துளைக்கு, கடின மரக்குச்சியைப் பசையுடன் அடித்து, உலர்ந்தபின் புதிதாகத் துளையிடுவது நிலைத்து நிற்கும். களிம்பும் துருவும் பிடித்து இறுகிய பிரிட்ஜ் திருகாணிகளில் குச்சி நுனியால் ஒரு துளி ஊடுருவும் எண்ணெய் வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். சாவி அங்குல அளவா மில்லிமீட்டர் அளவா என்பதையும் உறுதிசெய்யுங்கள். ஏறத்தாழப் பொருந்தும் சாவிதான் திருகாணித் தலையைக் கெடுக்கிறது.

மின்பகுதியில் முதல் எதிரி பேட்டரி. பேட்டரியால் இயங்கும் மின்சுற்று கொண்ட ஆக்டிவ் பேஸில் 9 வோல்ட் பேட்டரியை ஆண்டுக்கணக்கில் உள்ளேயே விட்டிருந்தால் அது கசிந்து முனைகளை அரித்திருக்கும். முனையை மாற்றிவிட்டு, ஜாக்கைச் சோதியுங்கள்: அந்த மூன்று முனை ஜாக்கில் ப்ளக் நுழையும்போதுதான் பேட்டரியின் சுற்று முழுமையாகிறது, ஆகவே வாசிக்காத நேரத்தில் ப்ளக்கைச் செருகியே வைத்தால் பேட்டரி தீர்ந்துவிடும். குமிழின் அடியில் இருந்து கரகரக்கும் பொட்டென்ஷியோமீட்டருக்குள் மின்முனைகளுக்கென்றே விற்கப்படும் தூய்மிப்பானைச் சிறிது தெளித்து, குமிழை முப்பது நாற்பது முறை கடைசி வரை திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மாற்றத்தான் வேண்டுமென்றால் அதே மதிப்பையே வாங்குங்கள்: சாதாரண பேஸிவ் பிக்கப்புக்கு 250 அல்லது 500 கிலோ ஓம், குறைந்த மின்மறுப்புடைய ஆக்டிவ் பிக்கப்புக்கு 25 கிலோ ஓம் வழக்கம். ஒலிக்காத பிக்கப்பை மல்டிமீட்டரில் சோதித்து, சில ஆயிரம் ஓம் காட்டினால் சுருள் நலமாக இருக்கிறது, கோளாறு வேறெங்கோ உள்ளது என்று கொள்ளலாம். முடிவிலி காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. அப்போதும் பிக்கப்பைத் தூக்கி எறியாமல், மறுபடி சுற்றித் தருபவரிடம் கொடுங்கள். அந்த அளவில் இன்னொன்று கிடைக்காது.

இனி நெக். தந்தியைச் சற்றுத் தளர்த்திவிட்டு, டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாமல், மீண்டும் சுருதிக்கு ஏற்றி, சில மணி நேரம் விட்டு அளவெடுத்து, தேவைப்பட்டால் மறுநாள் இன்னொரு கால் சுற்று என்று போக வேண்டும். வலஞ்சுழியாகத் திருப்பினால் முன்வளைவு குறையும். மரம் மெதுவாகவே இணங்கும். அவசரப்பட்டு இறுக்கினால் ராட் அறுந்துவிடும்.

நெக் நேரான பிறகும் ஓரிடத்தில் இரைச்சல் இருந்தால், மூன்று ஃப்ரெட்டுகளை மட்டும் தொடும் குட்டையான நேர்விளிம்பு ஒன்றை அவற்றின் மேல் வைத்து ஆட்டிப் பாருங்கள். நடு ஃப்ரெட் உயர்ந்திருந்தால் அது ஆடும். உடனே அரத்தை எடுக்காதீர்கள். அந்த ஃப்ரெட்டின் முனையை விரலால் அழுத்துங்கள். அது கீழே இறங்கி மீண்டும் எழுந்தால், ஃப்ரெட் உயரமானதல்ல, தன் பள்ளத்திலிருந்து கிளம்பியிருக்கிறது. அழுத்திப் பிடித்துக்கொண்டு, மிக நீர்த்த சூப்பர் க்ளூவை ஓரத்தில் ஒரு துளி வைத்தால் அது உள்ளே இழுத்துக்கொள்ளும், வேலை முடிந்தது. பல ஃப்ரெட்டுகள் தேய்ந்து குழி விழுந்திருந்தால் மட்டுமே எல்லாவற்றையும் சமப்படுத்த வேண்டும். தந்திகளைக் கழற்றி, ராடால் நெக்கை முற்றிலும் நேராக்கி, ஃபிங்கர்போர்டையும் பிக்கப்புகளையும் டேப்பால் மூடி, ஒவ்வொரு ஃப்ரெட்டின் உச்சியிலும் மார்க்கர் மையைப் பூசுங்கள். தட்டையான நீண்ட கட்டையில் 400 எண் உப்புத்தாளை ஒட்டி, அழுத்தம் கொடுக்காமல் நீளவாக்கில் இழுத்தால், உயரமான ஃப்ரெட்டுகளின் மை முதலில் அழியும். எல்லா ஃப்ரெட்டுகளிலும் மெல்லிய கோடாக மை அழிந்த கணத்தில் நிறுத்திவிட வேண்டும். பிறகு, தட்டையான உச்சிகளை அதற்குரிய குழியரத்தால் மீண்டும் வளைவாக்கி, 600 முதல் 2000 வரை படிப்படியாக நுண்ணிய தாள்களால் பளபளப்பாக்குங்கள். ஃப்ரெட்டின் உயரம் 0.6 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டிருந்தால் தேய்க்க ஒன்றும் மிச்சமில்லை. அப்போது ஃப்ரெட் மாற்றும் வேலையை அனுபவமுள்ள கிட்டார் தச்சரிடம் ஒப்படையுங்கள். கருங்காலி சிராய் சிராயாகப் பெயரக்கூடிய மரம், முதல் முயற்சிக்கு உங்கள் கைவினை பேஸைப் பயன்படுத்த வேண்டாம்.

கடைசியாகத் தந்தி உயரமும் சுருதிச் சீர்மையும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் மெல்லிய ஜி தந்திக்கு 2 மில்லிமீட்டர், தடித்த ஈ தந்திக்கு 2.5 மில்லிமீட்டர் என்று தொடங்கி, உங்கள் வாசிப்பின் வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி எழுப்பும் சுரமும் அதே இடத்து ஹார்மானிக்கும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னோக்கியும், இறங்கியிருந்தால் முன்னோக்கியும் நகர்த்துங்கள். இந்த வேலையைப் புதுத் தந்தியில் மட்டுமே செய்ய வேண்டும்.

புதிய தந்திகளின் இழுவிசைக்கு நெக் பழகச் சில வாரங்கள் ஆகும். அதன்பின் வளைவையும் தந்தி உயரத்தையும் மறுபடி அளந்து, தேவையான சிறு திருத்தத்தைச் செய்யுங்கள். கருவி இருக்கும் அறையின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நின்றால் இந்தத் திருத்தங்கள் அரிதாகவே தேவைப்படும். நீக்கிய பழைய பாகங்கள் அனைத்தையும், அறுந்த பிக்கப் கம்பிச் சுருள் உட்பட, ஒரு பையில் இட்டு, என்னென்ன வேலை எந்தத் தேதியில் செய்தீர்கள், எந்தப் பசையைப் பயன்படுத்தினீர்கள் என்ற குறிப்புடன் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். அடுத்து அந்தக் கருவியைத் திறக்கப்போகும் தச்சருக்கு அது வேண்டியிருக்கும்.